வடக்கு என்பதால் கை கழுவிவிட முடியாது

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பலர் பார்த்தீர்கள். "அடிமை முறையெல்லாம் தெற்கே நடந்தது, நியூ ஜெர்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று அந்த நண்பர் கேட்டார். கைதட்டினீர்கள். எனக்கு அந்தக் கைதட்டல்தான் இன்னும் ஆறவில்லை.

சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலேயே கடைசியாக அடிமை முறையை விட்டது நியூ ஜெர்சிதான். 1800இல் இங்கே 12,000க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க இந்த மாநிலம் போட்ட 1804 சட்டம் அவர்களில் ஒருவரையும் விடுவிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 4 முதல் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் விடுதலை; அதுவும் பெண் 21 வயது வரை, ஆண் 25 வயது வரை எஜமானுக்கு உழைத்த பிறகு. பெற்ற தாய்க்கு அதுகூட இல்லை. 1865இல் நாடு முழுக்க அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது இந்த மாநிலச் சட்டமன்றம் முதலில் நிராகரித்தது. அது நாட்டுக்கே சட்டமான பிறகு, 1866இல்தான் ஏற்றது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். நம்மில் பாதிப் பேர் குடியிருக்கும் இதே மிடில்செக்ஸ் கவுண்டியில், 1818இல் ஜேக்கப் வான் விக்கிள் என்ற நீதிபதி, கறுப்பின மக்கள் விரும்பித்தான் போகிறார்கள் என்று சான்று கொடுத்து, தெற்கே அடிமை முறை நீடித்த லூசியானாவுக்கு அனுப்ப வழி செய்தார். அதில் கைக்குழந்தைகளும் உண்டு. கைக்குழந்தையிடம் யார் சம்மதம் கேட்டது?

"பழசை ஏன் கிளற வேண்டும்?" சரி, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்களே, அங்கே ஓல்ட் குவீன்ஸ் கட்டடத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் வில் என்ற அடிமையும் ஒருவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முதல் ஒன்பது தலைவர்களும் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அந்தப் பட்டங்களை மட்டும் பெருமையாக மாட்டிக்கொள்வோமா?

"நாம் நேற்று வந்தவர்கள், நமக்கென்ன?" இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம் என்றிருந்த ஒதுக்கீடு 1965 குடியேற்றச் சட்டத்தால் போனது. அந்தக் கதவைத் தள்ளித் திறந்ததில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே வந்த நாம் அவர்களைப் பற்றி என்ன பேசுகிறோம்? நாங்கள் வீடு பார்த்தபோது தரகர், "அந்தப் பக்கம் வேண்டாம், ஆட்கள் சரியில்லை" என்றார். என் மனைவி, "எந்த ஆட்கள்?" என்று கேட்டார். தரகர் வாயே திறக்கவில்லை.

"முதலில் உங்கள் ஊர்ச் சாதியைப் பேசு" என்று எழுதப்போகிறவர்களுக்கு: பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். வாடகைக்கு வீடு தேடிய என் அப்பாவிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கூடவே நான் நின்றிருந்தேன். அதனால்தான் அந்தத் தரகர் பேசியது எனக்குச் சாதாரணப் பேச்சாகப் படவில்லை. 2008இல் இந்த மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்டு அடிமை முறைக்கு மன்னிப்புக் கேட்டது. அவர்களே ஒப்புக்கொண்டதை நீங்கள் ஏன் இல்லை என்கிறீர்கள்? இதற்காக என்னை நட்பிலிருந்து நீக்குவதானால் நீக்கிக்கொள்ளுங்கள்.