பூத்தைத் தூக்கில் போடவில்லை

"லிங்கனைச் சுட்டவனைப் பிடித்து, விசாரித்துத் தூக்கில் போட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. சுட்டவன் ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகன்; அவன் நீதிமன்றப் படியே ஏறவில்லை. 1865 ஏப்ரல் 14 இரவு சுட்டுவிட்டு ஓடியவனை, 26ஆம் தேதி விடியுமுன் வர்ஜீனியாவில் ஒரு புகையிலைக் கொட்டகையில் படை வளைத்தது. கூட இருந்த ஹெரால்ட் சரணடைந்தான், இவன் மறுத்தான். கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். உயிரோடு பிடிக்கச் சொல்லியிருந்தும், பாஸ்டன் கார்பெட் என்ற சார்ஜென்ட் பலகை இடுக்கு வழியாகச் சுட்டார். குண்டு கழுத்தில். பண்ணை வீட்டுத் திண்ணையில் சில மணி நேரம் கிடந்து செத்தான். சாகுமுன் தன் கைகளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, "பயனில்லை, பயனில்லை" என்றானாம். நடிகன் அல்லவா!

ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்டவர்கள் லிங்கன் கொலைச் சதியில் சேர்ந்த நால்வர்: பவல், ஹெரால்ட், அட்ஸராட், மேரி சுராட். அந்தக் கதையோடு இதை அவர் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.