அந்தப் பத்திரிகையில் நமக்குத் தாத்தா இல்லை

ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களுக்குப் பிழை திருத்துகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "காசு தருவாங்களா?" தர மாட்டார்கள். அடுத்த கேள்வி, "அப்புறம் உனக்கு என்ன வேலை அங்கே? உங்க தாத்தாவா அந்தப் பேப்பர்ல வரப்போறார்?" இரண்டாவது கேள்வியைக் கிண்டலாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு: 1803இல் தொடங்கிய சிட்னி கெஜட்டிலிருந்து ஏறக்குறைய 1954 வரையிலான பத்திரிகைகள் ட்ரோவில் கிடைக்கின்றன. பெரும்பாலானவை மைக்ரோஃபிலிமிலிருந்து ஸ்கேன் செய்தவை. அதன்மேல் ஓசிஆர் (படத்தில் இருக்கும் அச்சை அடையாளம் கண்டு எழுத்தாக்கும் மென்பொருள்) ஓட்டி எழுத்தாக மாற்றியிருக்கிறார்கள். மங்கிய அச்சு, மடிந்த ஓரம், மை கசிந்த பத்தி எல்லாம் சேர்ந்து பல கட்டுரைகள் வாயில் நுழையாத எழுத்துக் குவியலாகக் கிடக்கும். படத்தில் கண்ணால் படிக்கலாம். ஆனால் தேடினால் வராது. தேடினால் வராத கட்டுரை லட்சக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

2008 ஆகஸ்டில் நூலகம் துணிச்சலாக ஒரு காரியம் செய்தது. யார் வேண்டுமானாலும் வரி வரியாகத் திருத்தலாம், திருத்தியது உடனே சேமிக்கப்படும், மேலே உட்கார்ந்து ஒப்புதல் தர யாரும் கிடையாது என்று திறந்துவிட்டார்கள். விஷமிகள் வந்து குப்பையாக்கிவிடுவார்கள் என்ற பயம் இருக்கத்தான் செய்தது. முதல் சில மாதங்களில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று திட்டத்தை நடத்திய ரோஸ் ஹோலி பிறகு எழுதினார். இன்று திருத்தப்பட்ட வரிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஊதியம் வாங்காத மனிதர்கள் சேர்ந்து செய்த வேலைகளில் இதைப் போல இன்னொன்றைக் காட்டுவது கஷ்டம்.

சரி, யார் அந்த மனிதர்கள்? பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், குடும்ப வரலாறு தேடுகிறவர்கள். கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஊரில் மளிகைக்கடை வைத்தார், பாட்டியின் கல்யாணச் செய்தி வந்ததா என்று தேடி வருவார்கள். தங்கள் குடும்பப் பெயர் வருகிற கட்டுரையைத் திருத்துவார்கள், அப்படியே பக்கத்துப் பத்தியையும் திருத்துவார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த உழைப்பு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. பெயர் இருக்கிற இடத்துக்கு வெளிச்சம் வரும், இல்லாத இடத்துக்கு வராது.

ஆஸ்திரேலியாவின் குடியேற்ற எல்லையில் கொல்லப்பட்ட பூர்வகுடிகளுக்கு அந்தப் பத்திரிகைகளில் பெயர் கிடையாது. "கறுப்பர்கள் சிலர்", "ஒரு கும்பல்", அவ்வளவுதான். மாடு திருடினார்கள், துரத்திப் போனோம், பாடம் புகட்டினோம் என்று நாலு வரி வரும். அந்த நாலு வரியில் துப்பாக்கி வைத்திருந்தவருக்குப் பெயர் உண்டு, அவருடைய பண்ணைக்குப் பெயர் உண்டு, சில சமயம் குதிரைக்கும் பெயர் உண்டு. செத்தவர்களுக்கு இல்லை. எந்தப் பேரப்பிள்ளை எந்தப் பெயரைத் தட்டச்சு செய்து அந்தக் கட்டுரைக்கு வந்து சேர முடியும்?

இந்த வரலாறு மறைக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். 1880இல் பிரிஸ்பேனில் வந்த 'தி குவீன்ஸ்லாந்தர்' வார இதழை எடுத்துப் பாருங்கள். கார்ல் ஃபெயில்பெர்க் என்ற டென்மார்க்கில் பிறந்த பத்திரிகையாளர், குவீன்ஸ்லாந்தின் நேட்டிவ் போலீஸ் படை செய்த கொலைகளைப் பற்றித் தொடர்ச்சியாக எழுதினார். வெள்ளை அதிகாரிகளின் கீழ், வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவந்த பூர்வகுடி இளைஞர்களைத் துப்பாக்கி ஏந்த வைத்த படை அது. அவர் எழுதியதற்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. கண்டித்து எழுதியவர்கள் உண்டு. நடந்தது உண்மைதான், வேறு வழியில்லை என்று கூச்சமே இல்லாமல் எழுதியவர்களும் உண்டு. இதெல்லாம் குவீன்ஸ்லாந்தின் தலைநகரில் அச்சாகி வீடு வீடாகப் போன பத்திரிகை. அந்தப் படையின் அலுவலகப் பதிவுகளில் நிறைய இன்று இல்லை. பத்திரிகை இருக்கிறது. பூட்டி வைத்ததால் மறைந்த கதை இல்லை இது. படிக்க ஆள் இல்லாமல் மறைந்த கதை.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே மறைக்கவும்தான் செய்தார்கள், அதுவும் சட்டம் ஒருமுறை தன் வேலையைச் செய்த பிறகு.

1838 ஜூன் 10. நியூ சவுத் வேல்ஸின் மயால் க்ரீக் பண்ணையில் தங்கியிருந்த விர்ராயராய் என்ற பூர்வகுடி மக்களில் குறைந்தது 28 பேரைப் பண்ணைத் தொழிலாளர்கள் சிலர் கட்டி இழுத்துப்போய்க் கொன்று எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பண்ணை மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் மேலிடத்துக்குத் தெரிவித்தார். நீதிபதி எட்வர்ட் டென்னி டே விசாரித்து 11 பேரைப் பிடித்தார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜான் ஃபிளெமிங் தப்பிவிட்டார். அவர்தான் அதில் ஒரே சுதந்திரக் குடியேறி. மற்றவர்கள் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். (யார் தப்பினார், யார் மாட்டினார் என்பதைக் கவனியுங்கள். எந்த நாடாக இருந்தால் என்ன.) முதல் விசாரணையில் ஜூரிகளுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை, எல்லோரும் விடுதலை. அட்டர்னி ஜெனரல் ஜான் பிளங்கெட் விடவில்லை. இரண்டாவது விசாரணையில் ஏழு பேருக்குத் தூக்கு. டிசம்பர் 18 அன்று தண்டனை நிறைவேறியது.

நேரில் பார்த்த பூர்வகுடி இளைஞர் ஒருவர் இருந்தார். பண்ணையில் அவரை டேவி என்று கூப்பிட்டார்கள், யின்டயின்டின் என்பது அவருடைய சொந்தப் பெயர். கிறிஸ்தவர் இல்லை, பைபிள்மேல் சத்தியம் செய்ய முடியாது, அதனால் அவர் சாட்சி சொல்ல முடியவில்லை. அந்த மாகாணத்தில் பூர்வகுடிகளின் சாட்சியத்துக்குச் சட்டம் வழிவிட்டது 1876இல்தான். டேவி பிறகு காணாமல் போனார், மிச்சமிருந்த நால்வர் வெளியே வந்தார்கள்.

தூக்குக்குப் பிறகு எல்லைப்புறத்தில் கொலை நிற்கவில்லை, அதைப் பற்றிய பேச்சுதான் நின்றது. வெளியே சொன்னால் கயிறு என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் ட்ரோவைத் திருத்தித் தீர்த்துவிட்டால் வரலாறு முழுதாகக் கிடைத்துவிடும் என்று சில தன்னார்வலர்கள் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். நாம் சுத்தம் செய்துகொண்டிருப்பது சுட்டவர்கள் எழுதிய காகிதத்தை. சுடப்பட்டவர்களுடைய பதிவு அவர்கள் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது.

1928இல் வடக்குப் பிரதேசத்தில் நடந்த கோனிஸ்டன் கொலைகளே போதும் இதற்கு. ஃபிரெட் புரூக்ஸ் என்ற டிங்கோ நாய் வேட்டைக்காரர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கக் காவலர் மர்ரே தலைமையில் வாரக்கணக்கில் வேட்டை நடந்தது. சுட்டதை அவர் நீதிமன்றத்திலேயே ஒளிக்காமல் சொன்னார், பத்திரிகைகளும் எழுதின. விசாரணைக் குழு 31 பேர் இறந்ததாகச் சொல்லி, சுட்டது நியாயமே என்றும் முடித்துவிட்டது. வார்ல்பிரி, அன்மட்யெர், கய்டெட்ஜ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கணக்கு அதைவிட மிகப் பெரியது. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு 60லிருந்து 200 வரை போகிறது. அச்சில் இருப்பதை மட்டும் நம்பினால் 31தான். 2018இல், 90 ஆண்டுகள் கழித்து, அந்தப் பிரதேசத்தின் காவல்துறை ஆணையர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்.

இந்த இரண்டு வகைச் சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் நியூகாசல் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டால் ரயன். ஆறு பேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிராயுதபாணிகள் ஒரே நடவடிக்கையில் கொல்லப்பட்டால் அது படுகொலை என்று வரையறுத்துக்கொண்டு, 1788 முதல் 1930 வரையிலான சம்பவங்களை வரைபடத்தில் குறிக்கும் வேலையை அவருடைய குழு எடுத்தது. முதல் கட்டம் 2017இல் வெளியானது. 2022க்குள் 400க்கும் மேற்பட்ட சம்பவங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன ஆதாரம், எவ்வளவு உறுதி என்று நட்சத்திரம் போட்டிருப்பார்கள். பொதுமக்கள் தங்களுக்குத் தெரிந்ததை அனுப்பவும் வழி வைத்தார்கள். எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: புள்ளிகளைச் சரியான இடத்தில் வைக்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கவோ தோண்டவோ யாரும் கிளம்பிவிடக் கூடாதே. ஆவணப்படுத்துவது என்றால் எல்லாவற்றையும் அப்பட்டமாகக் கொட்டுவது என்று நினைக்கும் நம் யூடியூப் ஆய்வாளர்கள் இதைப் பார்க்க வேண்டும். ரயன் 2024இல் காலமானார்.

இருபது வருடங்களுக்கு முன்னால் இதே ரயனின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, படுகொலைக் கதைகள் ஜோடிக்கப்பட்டவை என்று கீத் விண்ட்ஷட்டில் என்ற எழுத்தாளர் பெரிய சண்டை போட்டார். அன்று மூலப் பத்திரிகையைப் பார்க்க வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போய் மைக்ரோஃபிலிமைச் சுற்ற வேண்டும். சாதாரண வாசகனுக்கு இரண்டு அறிஞர்களில் யாரை நம்புவது என்ற தேர்வு மட்டுமே இருந்தது. இன்று பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். கல்யாணச் செய்தி தேடி வந்த பாட்டிமார் திருத்திய பக்கத்துப் பத்திகளுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் அதை எண்ணிச் செய்யவில்லை என்பது வேறு.

அதிகாரம் இதைச் செய்யும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று. குவீன்ஸ்லாந்தில் உண்மை அறியும் விசாரணை ஒன்று 2024இல் தொடங்கியது. அக்டோபரில் ஆட்சி மாறியது, நவம்பரில் அதை ஊற்றி மூடிவிட்டார்கள். ட்ரோவும் அசைக்க முடியாத கோட்டை இல்லை. 2023 நடுவோடு பணம் தீர்ந்துவிடும் என்ற நிலை வந்து, பெரிய கூச்சலுக்குப் பிறகு ஏப்ரலில் நான்கு ஆண்டுக்கு 33 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்கிறார்கள் என்பதாலேயே அந்தத் தளம் இலவசமாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல.

"இப்போ எல்லாம் ஏஐ செஞ்சிடுமே" என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யும், நன்றாகவே செய்யும். பருத்தி விலைப் பட்டியலைச் செய்யட்டும். ஆனால் மை சிதைந்த இடத்தில் பொருத்தமாக ஒன்றை நிரப்பிக்கொண்டு போவது அதன் வழக்கம். சிதைந்த இடத்தில் இருப்பது செத்தவர்களின் எண்ணிக்கையாக இருந்தால் எனக்கு அந்தப் பொருத்தம் வேண்டாம். வாசிக்க முடியாததை வாசிக்க முடியாதது என்றே விட்டுவைக்கிற ஆள் வேண்டும்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சிட்னியிலும் மெல்பர்னிலும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 அன்று நடக்கும் குடியுரிமை விழாவில் பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். 1838இல் அதே ஜனவரி 26ஆம் தேதி வாட்டர்லூ க்ரீக்கில் மேஜர் நன்னின் குதிரைப்படை காமிலராய் மக்களைச் சுட்டது. எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. இதைச் சொன்னால், "நாம வந்தது நேத்து, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள். சம்பந்தம் இல்லை என்பதுதான் நமக்கு இருக்கும் ஒரே தகுதி. அந்தப் பக்கங்களில் நாம் காப்பாற்ற வேண்டிய தாத்தா இல்லை. தேடிப்போன குடும்பப் பெயர் துப்பாக்கி பிடித்த கையோடு கிடைத்தால் சிலர் அந்தக் கட்டுரையைத் திருத்தாமல் நகர்ந்துவிடுவார்கள், மனிதர்கள்தானே. (நகராதவர்களும் உண்டு. 2000இல் மயால் க்ரீக்கில் நினைவுச்சின்னம் திறந்தபோது கொன்றவர்களின் வாரிசுகளும் தப்பியவர்களின் வாரிசுகளும் சேர்ந்து நின்றார்கள்.) நமக்கு அந்தச் சங்கடமே இல்லை. ஆங்கிலம் தெரியும், பொறுமை உண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் உண்டு.

செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து. 'மாசகர்' (massacre, படுகொலை) என்று தேடினால் கிடைப்பது குறைவு. அந்தக் காலத்தில் சுட்டதை 'டிஸ்பர்ஸ்' (disperse, கலைப்பது) செய்தோம் என்றுதான் எழுதினார்கள், அதைப் போடுங்கள், கூடவே ஒரு பண்ணையின் பெயரையோ ஆற்றின் பெயரையோ போடுங்கள். அச்சில் இருப்பதை அப்படியே தட்டுங்கள். கேவலமான சொற்கள் வரும், கை கூசும். நாகரிகமாக மாற்றாதீர்கள், மாற்றினால் அடுத்து தேடுகிறவருக்குக் கிடைக்காது. உங்கள் கருத்தை எழுத்துக்குள் நுழைக்காதீர்கள், அதற்குக் குறிப்பு எழுதத் தனி வசதி இருக்கிறது. கட்டுரைக்கு டேக் போட்டால் பின்னால் வருகிறவருக்கு உதவும். இரவு தூங்கும் முன் செய்யாதீர்கள், தூக்கம் போய்விடும். எங்கே தொடங்குவது என்று கேட்டால், 1880 மே மாதத்திலிருந்து வந்த குவீன்ஸ்லாந்தர் இதழ்களின் கடிதப் பக்கங்கள். எழுத்து பொடி, ஆனால் கடிதம் எழுதியவர்கள் எதையும் மென்று விழுங்கவில்லை.