சிரித்து வாயை அடைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நாம் கூடியபோது நடந்ததைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள், வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, காலநிலை மாறுவதைப் பற்றி, "இந்த வெயிலைப் பார்த்தா பயமா இருக்கு, இன்னும் முப்பது வருஷத்துல என்ன ஆகுமோன்னு நினைச்சா தூக்கம் வரலை" என்றாள். அதற்கு வந்த பதில், "ஆரம்பிச்சுட்டாங்கப்பா." ஒரே சிரிப்பு. அப்புறம் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

நானும் அங்கேதான் இருந்தேன். வாயே திறக்கவில்லை. மூன்று நாளாக உறுத்துவது அதுதான்.

சிரித்தவர் கெட்டவர் இல்லை, அவரை இங்கே யாரும் திட்ட வேண்டாம். ஆனால் அந்தச் சிரிப்பில் அடைபட்டது ஒரு வாய் மட்டுமில்லை. அன்று இரவே மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதினார்கள். "அவ சொன்னது சரிதான், அங்க சொல்ல முடியலை." மூன்று பேர்! என்னையும் சேர்த்தால் நாலு. இருந்ததே ஒன்பது பேர்தானே? பாதிப் பேருக்கு அதே பயம் இருந்திருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கும் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

1968இல் பிப் லாட்டனே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். படிவம் நிரப்பச் சொல்லி ஆளை ஒரு அறையில் உட்காரவைத்துவிட்டு, சுவர்த் துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேரை உட்காரவைத்து, புகையைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று அவர்களிடம் முன்பே சொல்லிவைத்தபோது, எழுந்துபோனவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, கையால் புகையை விலக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்கள். புகை எல்லார் கண்ணிலும் பட்டது. பக்கத்து முகம் சும்மா இருந்ததால் இவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

இது நம் ஒன்பது பேரோடு முடிகிற கதையும் இல்லை. 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. புவி வெப்பமாதலைத் தடுக்க மாத வருமானத்தில் 1 சதவீதத்தைத் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். சரி, உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டால், சராசரியாக 43 சதவீதம் என்றார்கள். நமக்கு அக்கறை இல்லாமல் போகவில்லை. அடுத்தவருக்கு அக்கறை இல்லை என்று நம்பிக்கொண்டு பேசாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

"நீ மட்டும் ஏசி போடறதில்லையா, விமானத்துல போறதில்லையா?" என்று கேட்பீர்கள். போடுகிறேன். போயிருக்கிறேன். அதற்காகப் பயத்தைச் சொல்லக் கூடாதா? கடனில் இருப்பவன்தானே கடனைப் பற்றிப் பேசுவான்? எரிபொருள் எதையுமே எரிக்காதவர் மட்டும்தான் பேசலாம் என்றால் உலகத்தில் பேச ஒரு ஆள் மிஞ்ச மாட்டார். இந்தக் கேள்வி ஆயிரம் முறை என் காதில் விழுந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் வலிக்கத்தான் செய்கிறது. பதில் தெரிந்துகொள்ள யாரும் அதைக் கேட்பதில்லை, பேச்சை நிறுத்தத்தான் கேட்கிறார்கள்.

"விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்துக்கலையே" என்பவர்களுக்கு: மனிதர்களால்தான் பூமி சூடாகிறது என்பதில் சந்தேகமே இல்லை என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இலேயே எழுதிவிட்டது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

"அன்றாடப் பிழைப்பே பெரும்பாடு, இதில் இது வேறயா?" என்பவரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் சொல்வது உண்மை. ஆனால் அன்று சிரித்தவர்கள் யாரும் அந்த நிலையில் இல்லை.

நானும் பேசத் தெரியாமல் பேசியவன்தான். அப்பாவிடம் வரைபடத்தைக் காட்டி மல்லுக்கட்டியிருக்கிறேன். ஹவாய்த் தீவில் இருக்கிற மௌனா லோவா மலையில் 1958இல் அளக்க ஆரம்பித்தபோது காற்றில், பூமியைச் சூடாக்குகிற கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 315 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னை முட்டாள்னு சொல்றியா?" என்றார். எட்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் ஏதோ தேடும்போது அவருடைய பழைய டைரிகள் கிடைத்தன. வருஷா வருஷம் ஒரு பக்கத்தின் மூலையில் பச்சை மையில் "முதல் மழை" என்று எழுதியிருந்தார். ஏன்ப்பா இதை எழுதுறீங்க என்றுதான் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். "முன்னெல்லாம் ஒரு கணக்கு இருந்துச்சு. இப்ப எதை எழுதறதுன்னே தெரியலை" என்றார். காலநிலை மாற்றம் என்ற வார்த்தையை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. என் புள்ளிவிவரத்தை எல்லாம்விட அவர் கையில் அதிகம் இருந்தது. அதைக் கேட்க எனக்குத்தான் இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

அந்தப் பெண்ணிடமும் ஏன் தூக்கம் வரவில்லை என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரை உள்ள 10,000 பேரிடம் கேட்டு 2021இல் வெளியான ஆய்வில், இதைப் பற்றி மற்றவர்களிடம் பேசியவர்களில் 48 சதவீதம் பேர் தங்களை யாரும் பொருட்படுத்தவில்லை, தட்டிக்கழித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். படித்தபோது எங்கோ யாரோ என்று நினைத்தேன். தட்டிக்கழித்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தாங்க முடியவில்லை.

அவள் அன்று ராத்திரி எனக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "நான் அங்க அதைப் பேசியிருக்கக் கூடாதோ?" பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தில் சொல்ல வரவில்லை. இன்று சாயங்காலம் கூப்பிட்டு, முதலில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.