பத்து கேட்டால் ஆறு கொடுக்கிறவரிடம் யார் ஆறு கேட்பார்கள்?

நேற்று எல்லோரும் பகிர்ந்த, ஒரு கம்பெனி முதலாளியின் அந்த மேடைப் பேச்சை நானும் பார்த்தேன். "எங்க ஆளுங்க பட்ஜெட் போட்டா பத்துல நாலு பொய்யிங்க. அதனால கேக்காமயே நாலைக் கழிச்சிருவேன்." ஒரே கைதட்டல். நம்ம ஊர்க்காரர்களே 'செம்ம அண்ணா' என்று கமெண்ட் போட்டிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

நாலைக் கழிப்பார் என்று தெரிந்த பிறகு எந்தக் கிறுக்கன் ஆறு கேட்பான்?

2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கும். பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்கள். அப்போது திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. ஜெனரேட்டர் லாக் புக்கைப் பார்த்து, டீசல் செலவை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) அதைப் படிக்கக்கூட இல்லை. எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரே வெட்டு, 20 சதவீதம். பேக்கிங் நண்பர் அட்டைப்பெட்டிக்கும் பாலிபேக்குக்கும் முன்கூட்டியே ஏற்றிப் போட்டிருந்தார். வெட்டியது போகவும் அவருக்கு மிச்சம். எனக்கு மாதக் கடைசியில் டீசல் இல்லை, உற்பத்தி லைன் நின்றது. "பட்ஜெட் போடத் தெரியாதவரு எதுக்குங்க இந்த சீட்ல?" என்று என் டெக்னீஷியன் பசங்க முன்னாலேயே ஜி.எம். கேட்டார். அடுத்த வருஷம் நானும் ஏற்றித்தான் போட்டேன். பாராட்டினார்!

அப்புறம் வந்த ஜி.எம். வேறு மாதிரி. செலவு கூடினால் ஷெட்டுக்கே வந்து ஏன் என்று கேட்பார். காரணம் சரியாக இருந்தால் விட்டுவிடுவார். மிச்சம் பிடித்தால், அதைக் காட்டி அடுத்த வருஷம் குறைக்க மாட்டார். அவரிடம் நாங்கள் யாரும் ஏற்றிப் போடவில்லை. அதே கம்பெனி, அதே ஆட்கள்தான்.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களிடம் பேசிவிட்டு நிர்வாகத் துறை ஆராய்ச்சியாளர் கிறிஸ் ஆர்ஜிரிஸ் 1952-லேயே எழுதினார்: அவர்களுக்கு பட்ஜெட் என்றால் மேலே இருப்பவர்கள் தங்களை அழுத்துகிற கருவி. அழுத்துகிறவரிடம் யார் மனசைத் திறந்து கணக்குச் சொல்வார்கள்?

'அப்போ திருடறவன்?' என்று வருவீர்கள். இருக்கிறான், எந்த ஜி.எம். வந்தாலும் திருடுவான், அவனைப் பிடிங்க. 'முதலாளி கஷ்டம் உனக்குத் தெரியுமா? நூல் விலை ஏறுது, ஆர்டர் கொடுக்கிற பையர் விலையைக் குறைக்கிறான்.' தெரியும், மறுக்கவில்லை. ஆனால் பையர் குறைப்பான் என்று தெரிந்து காஸ்டிங்கில், அதாவது அவனுக்கு அனுப்பும் விலைக் கணக்கில், கொஞ்சம் ஏற்றி அனுப்புவது யாருங்க? நீங்கள் செய்தால் வியாபாரம், நாங்கள் செய்தால் பொய்யா?

போனஸ் கூட்டத்தில் மட்டும் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'. பேப்பரைப் பிரிக்காமலே குடும்பத்து ஆளைப் பொய்யன் என்கிறவரை எங்க ஊரில் எப்படித் திட்டுவோம் என்று இங்கே எழுதவில்லை. என் பெண்ணும் இதைப் படிப்பாள்.

கைதட்டிய, பையர் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் தம்பிக்கு மட்டும் ஒன்று: மார்ச்சில் பட்ஜெட் போடுற நேரம் வரட்டும் சாமி, உன் சாம்பிள் கூரியர் செலவுக்கு எவ்வளவு எழுதுகிறாய் என்று பார்க்கலாம்.