பில்லில் முழு விவரம் வேண்டும்
கருவிகளில் போட்ட முதலீட்டை மீட்கவே தனியார் மருத்துவமனைகள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன என்ற கட்டுரையாளரின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை 2018இல் ஆராய்ந்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், ஊசிக்குழல் போன்ற சாதாரணப் பொருட்களில்கூடப் பன்மடங்கு லாபம் வைக்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. ஊசிக்குழலுக்கு என்ன பெரிய முதலீடு? ஏற்காட்டின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து நெஞ்சுவலியோடு நள்ளிரவில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குக் கொண்டுவரப்படும் காப்பித் தோட்டத் தொழிலாளியின் குடும்பம், முன்பணம் கட்டச் சொல்லும்போது, கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்த்து வேறிடம் தேடும் நிலையில் இருப்பதில்லை என்பதால், இதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது பெரும் அநீதி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை உண்டா என்பதை, நகையை அடகு வைக்கும் முன்பே, அனுமதிக்கும் இடத்திலேயே அவர்களுக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும். ‘இதர செலவுகள்’ என்ற ஒற்றை வரியை எந்தப் பில்லிலும் அனுமதிக்கக் கூடாது.