சாய்தளம் போட்டால் மட்டும் போதாது
சாய்தளமும் லிஃப்ட்டும் வந்துவிட்டால் அருங்காட்சியகம் எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்கிறது, அதை என்னால் ஏற்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வரலாம், அதுவும் ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளமாவது சாய்தளம் இருந்தால்தான். பார்வையில்லாதவர் உள்ளே வந்து என்ன செய்வார்? என் சித்தப்பாவுக்குக் கண் தெரியாது. ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனபோது, வெண்கலச் சிலைக் கூடத்தில் அவர் கைக்குக் கிடைத்தது கண்ணாடி மட்டும்தான். பலகையில் இருந்த நூற்றாண்டு, உயரம், கிடைத்த ஊர் எல்லாவற்றையும் வாசித்தேன். "சரிப்பா, கை எப்படி வச்சிருக்கு, அதைச் சொல்லு" என்றார். நான் அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, சிலையின் அபய முத்திரையைக் காட்டிய பிறகுதான் அவர் முகம் மலர்ந்தது. எல்லோரும் தொட்டால் சிலை என்ன ஆகும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கவலைதான், கை வியர்வை உலோகத்தை அரிக்கும். அதற்குத்தான் பிரதிகள். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015-இல் 'அனுபவ்' என்ற கூடத்தில் தொட்டுப் பார்ப்பதற்கென்றே பிரதிகளை வைத்து, பிரெயில் குறிப்பும் ஒலி வழிகாட்டியும் சேர்த்தது. இத்தாலியில் அங்கோனா நகரின் ஓமேரோ அருங்காட்சியகம் முழுக்க முழுக்கத் தொட்டறிவதற்கானது, அதைத் தொடங்கியதே பார்வையற்ற ஒரு தம்பதிதான். நம் சுவாமிமலையில் இன்றும் மெழுகில் வடித்து வெண்கலம் வார்க்கிறார்கள். அவர்களிடம் நாலு சிலை செய்து வாங்கி, தனி அறையில் ஒதுக்காமல், மூலச் சிலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவருக்கும் எட்டும் உயரத்தில் வைக்கலாமே. எந்தச் சிலை வேண்டும் என்பதைப் பார்வையற்றவர்களிடமே கேளுங்கள்.