வெயிட்லிஸ்டில் மூன்றாவது ஆள்

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அந்த வகுப்புக்குள் நுழைவது அதைவிடக் கஷ்டம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இன்று காலை எங்கள் கம்யூனிட்டி காலேஜ் லேப் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். கையில் பாதுகாப்புக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, புது லேப் நோட்டு. மொத்தம் 24 இடம், வெயிட்லிஸ்டில் நான் மூன்றாவது ஆள். முதல் நாள் வராதவர்களைப் பேராசிரியர் நீக்கிவிட்டு, வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிடுவார். இன்றைக்கு வராதவர்கள் இரண்டே பேர். எனக்கு முன்னால் நின்ற பையன் உள்ளே போனான், கதவைச் சாத்திவிட்டார்கள்.

24க்கு மேல் சேர்க்காததில் எனக்குக் கோபமே இல்லை. ஈதரும் அமிலமும் புழங்குகிற அறை, கண்காணிக்க ஒரே ஆசிரியர். கூட்டம் சேர்ந்தால் யார் முகத்திலாவது தெறிக்கும். ஆனால் ஆர்கானிக் இரண்டாம் பாதியை வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் மட்டும், அதுவும் ஒரே ஒரு பிரிவாக வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? இன்று கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஜனவரிதான்.

கலிபோர்னியாவில் எங்களுடையதைப் போல 116 கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரிகள், இருக்கின்றன. பாடத்தின் அளவைக் கணக்கிடுகிற யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். முதல் இரண்டு வருடத்தை இங்கே சல்லிசாக முடித்துவிட்டு, மூன்றாம் வருடம் யூசி, கால் ஸ்டேட் என்கிற மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் போய்ச் சேரலாம். 1960ல் போட்ட திட்டம் இது, நல்ல திட்டமும்கூட. வரலாறு படிக்கிறவனுக்கு நடக்கும். கெமிஸ்ட்ரியில் ஜெனரல் இரண்டு பாதி, ஆர்கானிக் இரண்டு பாதி, ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார முடியாது. கூடவே கால்குலஸ், பிசிக்ஸ் என்று இதே மாதிரி இன்னும் இரண்டு சங்கிலிகள். நான் அறிமுகக் கெமிஸ்ட்ரியில் தொடங்கியவள். இப்போதே இது எனக்கு மூன்றாம் வருடம்.

பக்கத்து ஊர் காலேஜில் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நான் முதல் பாதியில் படித்ததில் கால்வாசி அங்கே இரண்டாம் பாதியில் வருகிறது. நான் படிக்காத பாடம் அங்கே ஏற்கெனவே முடிந்துவிட்டது. எந்தக் காலேஜ் வகுப்பு எந்தப் பல்கலைக்கழக வகுப்புக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் தளத்தைத் திறந்து பார்த்தால், பல்கலைக்கழகத்தின் மூன்று குவார்ட்டர் (பத்து வாரப் பருவம்) வகுப்புக்கு இங்கே இரண்டு செமஸ்டர் சேர்ந்து ஈடு என்று போட்டிருக்கிறது. பாதியோடு போனால் அந்தப் பாதிக்கு மதிப்பே இல்லை, அங்கே போய் மறுபடி முதலிலிருந்து. எல்லாக் காலேஜிலும் ஒரே வகுப்புக்கு ஒரே எண் இருக்க வேண்டும் என்று 2021ல் சட்டமே போட்டார்கள். ஆர்கானிக் பக்கம் அது வந்து சேர்வதற்குள் எனக்கு வயதாகிவிடும்.

நவம்பரில் யூசி விண்ணப்பத்தில் இந்த வகுப்பை முடித்துவிடுவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது முடிக்கப்போவதில்லை என்று நானே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 230 டாலர் வகுப்புக்கு ஒரு வருட வாடகையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதற்குப் பெயர் சல்லிசாம்.

வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? போன பருவம் முதல் பாதியில் 24 பேர் தொடங்கினோம். மூன்றாவது வாரம் முதல் தேர்வு, அடுத்த வாரமே ஏழு பேர் கழன்றுகொண்டார்கள். இந்தப் பருவமும் அப்படித்தான் ஆகும். ஆனால் சேர்க்கை இரண்டாவது வாரத்தோடு மூடிவிடும். காலி ஸ்டூல்கள் மே மாதம் வரைக்கும் காலியாகவே கிடக்கும். வெளியே நிற்கிற என்னைக் கூப்பிட்டு உட்கார வைக்க விதி இல்லை.

கவுன்சலரைப் பார்க்க இரண்டு வாரம் காத்திருந்தேன். அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் அவருடைய கணினி திறக்கவில்லை. மீதிப் பத்து நிமிடத்தில், "இந்தப் பருவம் தியேட்டர் வகுப்பு ஒன்று எடுத்துப் பாரேன், யூனிட் கூடுமே" என்றார். யூனிட்டா எனக்குக் குறை? மாற்றலுக்குக் கேட்பது 60, என்னிடம் 71 இருக்கிறது.

வீட்டில் அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "ஒரு சீட்டுதானே, அந்தப் புரொபசரை நேரில் பார்த்துப் பேசக் கூடாதா?" என்கிறார். திருச்சியிலிருந்து போன் செய்த அத்தைக்கு வேறு சந்தேகம்: "கம்யூனிட்டி காலேஜ்னா எந்தக் கம்யூனிட்டிக்குடி?" அத்தை, கம்யூனிட்டி சர்டிபிகேட் கொடுத்தால் சீட்டு கிடைக்கும் என்றால் இன்றைக்கே வாங்கி அனுப்புங்கள்.

மூலக்கூறு மாடல் செய்யும் பிளாஸ்டிக் உருண்டைப் பெட்டி ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தேன், பழையதில் பாதி உருண்டை தொலைந்துபோனதால். சாயங்காலம் வந்து பார்த்தால் அக்கா மகன் அதைப் பிரித்து, கறுப்புக் கார்பன் எல்லாவற்றையும் கோத்து ஒரு நாய் செய்து வைத்திருக்கிறான். விட்டுவிட்டேன். அடுத்த ஜனவரி வரைக்கும் நாயாகவே இருக்கட்டும்.